காற்றை எடுத்தாலும் கடல் விடாது

பூமிக்கு வளிமண்டலமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும் பதில் கைவசம் இருக்கும். மூச்சு முட்டிச் செத்துப்போவோம், வானம் கறுத்துவிடும், பகலில் வெந்து இரவில் உறைவோம், மொத்தத்தில் பூமி இன்னொரு சந்திரன் ஆகிவிடும். இதில் முதல் மூன்றும் ஏறக்குறைய சரி. கடைசியில் சொன்னதுதான் இடிக்கிறது. சந்திரனில் கடல் கிடையாது. இங்கே 130 கோடி கன கிலோமீட்டருக்கு மேல் கடல்நீர் இருக்கிறது. அது இருக்கிற வரை பூமியை முழு மொட்டையாக வைத்திருக்க முடியாது. காற்றை வழித்து எடுத்த அடுத்த நொடியிலேயே கடல் தன் பங்குக்கு ஒரு வளிமண்டலத்தை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

முதலில் எதை எடுக்கிறோம் என்று பார்த்துவிடலாம். வளிமண்டலத்தின் மொத்த எடை சுமார் 5,000 லட்சம் கோடி டன். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் பூமியின் எடையோடு ஒப்பிட்டால் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதிலும் பாதி, கடல் மட்டத்திலிருந்து ஐந்தரை கிலோமீட்டர் உயரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சதுர மீட்டர் தரையின் மேலும் சுமார் 10 டன் காற்று உட்கார்ந்திருக்கிறது. புயல் செய்திகளில் கேட்கும் மில்லிபார் கணக்கு இந்த எடையைத்தான் சொல்கிறது. கடல் மட்டத்தில் சராசரி 1,013 மில்லிபார். நம் உடம்புக்குள்ளும் அதே அழுத்தம் இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை.

இந்த 10 டன்னை மட்டும் ஒரே நொடியில் எடுத்துவிடுவோம். ஈர்ப்பு விசை, கடல், எரிமலை, காந்தப்புலம், 24 மணி நேரச் சுழற்சி எல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

மனிதர்கள் கதை சீக்கிரம் முடிந்துவிடும். 1966-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், நாசாவின் வெற்றிட அறை ஒன்றில் ஜிம் லெப்ளாங்க் என்ற பொறியாளர் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது உடைக்குக் காற்று தரும் குழாய் கழன்றுகொண்டது. சுமார் 14 நொடியில் அவருக்கு நினைவு தப்பியது. நாக்கில் இருந்த எச்சில் கொதித்து நுரைத்ததுதான் அவர் கடைசியாக உணர்ந்தது. உடனே அறைக்குள் காற்றை நிரப்பியதால் பிழைத்துக்கொண்டார். சினிமாவில் காட்டுவதுபோல உடம்பு வெடித்துச் சிதறுவதில்லை, நொடியில் பனிக்கட்டியாக உறைவதுமில்லை. தோல் அவ்வளவு லேசானதல்ல. மூளைக்கு ஆக்சிஜன் நின்றுபோவதுதான் ஆளைச் சாய்க்கிறது. அந்த எச்சில் கொதித்த விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு நடக்கப்போவதும் அதேதான்.

அதற்கு முன் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிடலாம். சூரிய ஒளியைச் சிதறடிக்கக் காற்று மூலக்கூறுகள் இல்லாததால் பட்டப்பகலிலும் வானம் கறுப்பு. வெயிலைக் கையால் மறைத்து, கண்ணும் இருட்டுக்குப் பழகிவிட்டால், பகலிலேயே நட்சத்திரம் தெரியும். அது மினுக்காது. அந்தி என்பதே இருக்காது. சூரியன் விழுந்த கையோடு கும்மிருட்டு. பகலே கொஞ்சம் குறையும். அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்ட சூரியனைக் காற்று ஒளிவிலகலால் சற்றுத் தூக்கிக் காட்டுகிறது. அந்த உபகாரம் போய்விட்டால் சென்னை போன்ற ஊரில் நாளொன்றுக்கு நாலைந்து நிமிடப் பகல் நஷ்டம்.

எனக்குப் பிடித்த விவரம் சந்திர கிரகணம். 2025 செப்டம்பர் 7 இரவு மொட்டைமாடியில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் செம்பு நிறம் நினைவிருக்கும். சந்திரன் பூமியின் நிழலுக்குள் முழுக்கப் போன பிறகும் தெரிந்ததற்குக் காரணம், பூமியின் விளிம்பில் இருக்கும் காற்று சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புவதுதான். நீலம் வழியிலேயே சிதறிவிடுவதால் சிவப்பு மட்டும் போய்ச் சேருகிறது. காற்றில்லாத பூமியின் நிழலுக்குள் நுழைந்தால் சந்திரன் அப்படியே காணாமல் போகும்.

சரி, வெப்பநிலைக்கு வருவோம். காற்றில்லாத பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி என்று பாடப்புத்தகம் முதல் யூடியூப் வரை எல்லா இடத்திலும் இருக்கும். இப்போதைய சராசரி சுமார் 15 டிகிரி. இடையில் உள்ள 33 டிகிரி பசுமைக்குடில் வாயுக்களின் உபயம் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அதில் ஒரு சின்ன ஏமாற்று ஒளிந்திருக்கிறது. பூமி இன்று சூரிய ஒளியில் 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்ற அளவை வைத்துப் போட்ட கணக்கு அது. அந்த 30 சதவீதத்தில் பெரும்பங்கு மேகங்களின் வேலை. காற்றே இல்லாதபோது மேகம் எங்கிருந்து வந்தது? மேகத்தை நீக்கிவிட்டால் கறுத்த கடலும் தரையும் பன்னிரண்டு சதவீதம் அளவுக்குத்தான் திருப்பி அனுப்பும். அப்போது சராசரி மைனஸ் 3, 4 டிகிரியில் நிற்கும். மறுபக்கம், கடல் முழுக்க உறைந்து வெள்ளையாகி 60 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினால் அதே கணக்கு மைனஸ் 50-க்கும் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே விடை என்று ஒரே ஒரு எண் கிடையாது. கடல் என்ன செய்யப்போகிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

சராசரியைவிட முக்கியமானது ஏற்ற இறக்கம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியபோது, விக்ரம் தரையிறங்கியில் 'சேஸ்ட்' என்ற கருவி இருந்தது. சந்திர மண்ணுக்குள் 10 சென்டிமீட்டர் வரை இறங்கி வெப்பம் பார்க்கும் ஊசி அது. மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல் காட்டியது. 8 சென்டிமீட்டர் கீழே போனதும் மைனஸ் 10. ஒரு கையகல ஆழத்தில் 60 டிகிரி வித்தியாசம்! வெப்பத்தை எடுத்துப் பரப்பக் காற்று இல்லை. வெற்றிடத்தில் கிடக்கும் அந்தத் தளர்ந்த தூசி மண்ணும் வெப்பத்தைக் கடத்துவதில் படுமந்தம்.

ஆனால் சந்திரனின் எண்களை அப்படியே பூமிக்கு எடுத்துப் போடுவதும் தப்பு. சந்திரனின் நடுக்கோட்டில் பகலில் 120 டிகிரி, இரவில் மைனஸ் 130-க்கும் கீழே என்று வருவதற்கு, அங்கே ஒரு பகல் நம் கணக்கில் சுமார் 15 நாள் நீள்வதும் ஒரு காரணம். நம் பகல் 12 மணி நேரம்தான். உச்சத்தைத் தொடுவதற்குள் சூரியன் இறங்கிவிடும். தரை முழுக்கக் குளிர்வதற்குள் விடிந்துவிடும். பாறையும் ஈர மண்ணும் நிலாத் தூசியைவிட வெப்பத்தை நன்றாகப் பிடித்துவைக்கும். மதியம் வெறுங்காலால் தரையை மிதிக்க முடியாது, விடியற்காலையில் குடத்துத் தண்ணீர் பாறையாகிவிடும். ஆனாலும் சந்திரன் அளவுக்கு மோசம் இல்லை.

இப்போது கடல். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்துக்கு மட்டும் பொருந்தும் வழக்கு. ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைப்பது பாடு. அழுத்தம் குறையக் குறைய கொதிநிலையும் இறங்கிக்கொண்டே போகும். சுமார் 19 கிலோமீட்டர் உயரத்தில் மனித உடம்பின் வெப்பமான 37 டிகிரியே தண்ணீர் கொதிக்கப் போதும். லெப்ளாங்கின் எச்சில் கொதித்த கதை இதுதான். அழுத்தம் 6 மில்லிபாருக்கும் கீழே போய்விட்டால் தண்ணீர் திரவமாக நிற்கவே முடியாது. ஒன்று ஆவியாக வேண்டும், இல்லை உறைய வேண்டும்.

அப்படியானால் காற்று போன நொடியில் வங்காள விரிகுடா முழுவதும் கொதித்து எழுந்துவிடுமா? இல்லை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடலுக்குள் இருக்கும் தண்ணீருக்கு மேலே தண்ணீர் இருக்கிறது, அதுவும் எடைதான். 10 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் ஒரு முழு வளிமண்டலத்துக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். 28 டிகிரியில் இருக்கும் கடல்நீர் கொதிக்காமல் இருக்க வேண்டிய அழுத்தம் வெறும் 38 மில்லிபார்; அதை 38 சென்டிமீட்டர் தண்ணீரே கொடுத்துவிடும். அதாவது மேலிருந்து ஒரு முழ ஆழத்துக்குள்தான் கொதிப்பு. அதற்குக் கீழே மீன்களுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. ஆனால் மேல் 10 மீட்டரில் கரைந்திருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழ் குமிழாக வெளியேறிவிடும். வாயு வடிந்துபோன அந்தத் தண்ணீரில் மேல்மட்ட மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். நீரில் கரைந்திருக்கும் கார்பனும், காற்றில் இருப்பதைப்போல நாற்பது மடங்குக்கு மேல். அதிலும் ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாக வெளியே வரும்.

கொதிப்பு எப்போது நிற்கும்? கொதித்து எழுந்த ஆவி எங்கும் ஓடிப்போகவில்லை. ஈர்ப்பு விசை அதைப் பிடித்துவைத்திருக்கிறது. அந்த ஆவியின் எடையே கடலை அழுத்தத் தொடங்கும். உலகம் முழுவதும் 20 மில்லிபார் ஆவி பரவ வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 200 கிலோ தண்ணீர் போதும். கடல் மட்டம் ஓர் அடிகூட இறங்காது. அதற்குள் மேற்பரப்பு குளிர்ந்து கொதிப்பு அடங்கிவிடும். ஆக, இப்போதைய அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு உள்ள நீராவி வளிமண்டலம் ஒன்று தானாகவே வந்து நிற்கிறது. சுவாசிக்க உதவாது. ஆனால் வளிமண்டலம் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. அதில் மேகம் உண்டு, பனிப்பொழிவு உண்டு, மெலிந்த ஒரு சத்தம்கூட உண்டு. அந்த அழுத்தம், செவ்வாயில் இன்று இருப்பதைப்போல மூன்று மடங்கு.

இந்த ஏற்பாடு நிலைக்காது என்பது வேறு விஷயம். நீராவி நல்ல பசுமைக்குடில் வாயுதான். ஆனால் குளிர்ந்த இடத்தைக் கண்டால் உறைந்து விழுந்துவிடும் குணம் அதற்கு உண்டு. துருவங்களிலும் உள்நாட்டு இரவுகளிலும் ஆவி பனியாகக் கொட்டும். கடலிலிருந்து புதிய ஆவி கிளம்பி அந்த இடத்தை நிரப்பும். ஒவ்வொரு கிலோ ஆவியும் கடலின் வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகும். நீராவியை மட்டும் நம்பிக் கோளைச் சூடாக வைத்திருக்க முடியாது என்பதற்கு ஒரு சோதனையும் இருக்கிறது. 2010-இல் நாசாவின் கோடார்டு விண்வெளி ஆய்வு நிறுவனத்தார், கணினியில் உள்ள பூமியிலிருந்து கார்பன் டை ஆக்சைடையும், அதைப்போல உறையாமல் நிற்கும் மற்ற பசுமைக்குடில் வாயுக்களையும் மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். நைட்ரஜன், ஆக்சிஜன், நீர் எல்லாம் இருந்தும், 50 ஆண்டுக்குள் சராசரி வெப்பநிலை மைனஸ் 21 டிகிரிக்குச் சரிந்தது. நம் கதையில் நைட்ரஜனும் இல்லை. பனி பரவும், பரவிய வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும், இன்னும் குளிரும், இன்னும் பனி. கடல் மூடிக்கொள்ளும். மூடிய பனியின் மேல் மைனஸ் 50 டிகிரி என்றால் அங்கே நிற்கக்கூடிய ஆவியின் அழுத்தம் 0.04 மில்லிபார்தான். இந்தக் கட்டத்தில்தான் பூமி உண்மையிலேயே மொட்டைக்குப் பக்கத்தில் வருகிறது.

ஆனால் பனிக்கு அடியில் கடல் உறையாது. பூமியின் உள்ளேயிருந்து சதுர மீட்டருக்குச் சராசரியாக 0.09 வாட் வெப்பம் ஓயாமல் கசிந்துகொண்டிருக்கிறது. ஒரு குண்டு பல்புக்குக்கூட உதவாத இந்தச் சொற்ப வெப்பம், பனி ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தடித்ததும் அதற்கு மேல் தடிக்கவிடாமல் நிறுத்திவிடும். கீழே மூன்று கிலோமீட்டர் இருட்டுக் கடல். 1977-இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே 'ஆல்வின்' நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் மொய்த்துக் கிடப்பதைக் கண்டார்கள். சூரியன் இல்லாமலே வாழும் உயிர்கள் என்று அவற்றைப் பற்றி எழுதுவது வழக்கம். அங்கே உள்ள குழாய்ப் புழுக்களுக்கு அது முழுக்கப் பொருந்தாது. மேலேயிருந்து கரைந்து வரும் ஆக்சிஜன் அவற்றுக்கு வேண்டும், அந்த ஆக்சிஜன் வெயிலில் விளைந்தது. எனவே புழுக்கள் போய்விடும். ஆக்சிஜன் வாடையே படாமல் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் மட்டும், மேலே என்ன நடந்தது என்று தெரியாமலே காலம் தள்ளும்.

மேலே தரையில் உள்ள நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து அழுத்தினால் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் வரும்; அந்த மெல்லிய அடுக்கு போனதும், மருத்துவமனைகளில் கிருமி கொல்லப் பயன்படுத்தும் வகைப் புற ஊதாக் கதிர் நேராகத் தரையைத் தொடும். காந்தப்புலம் அண்டக் கதிர்களில் ஒரு பகுதியை, அதுவும் முக்கியமாக நடுக்கோட்டுப் பக்கம், திருப்பிவிடும். மீதியைத் தடுத்துக்கொண்டிருந்தது அந்த 10 டன் காற்றுதான்.

விண்கற்கள் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் பகுதி வானில் சுமார் 20 மீட்டர் அகலக் கல் ஒன்று 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி குத்திய காயம். அந்தக் கல்லை உடைத்து ஊரைக் காப்பாற்றியது காற்று. அதிர்ச்சி அலையைச் சுமந்து போய்க் கண்ணாடியை நொறுக்கியதும் அதே காற்று. காற்று இல்லாவிட்டால் கல் நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் முழுசாகத் தரையில் இறங்கிப் பெரும்பள்ளம் தோண்டியிருக்கும், பக்கத்து ஊர் ஜன்னல்களுக்குச் சத்தமும் போயிருக்காது. பெரிய கற்களைவிடத் தொல்லை சின்னக் கற்கள்தான். இன்று வானில் கோடு கிழித்து எரிந்துபோகும் மணல் பருமன் துகள்கள் ஒவ்வொன்றும் துப்பாக்கிக் குண்டை மிஞ்சும் வேகத்தில் நேராகத் தரைக்கு வரும்.

எரிமலைகளை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தோமே, அவை இங்கே கதைக்குள் வருகின்றன. உலக எரிமலைகள் ஆண்டுக்கு வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு தோராயமாக 30 கோடி டன். (மனிதர்கள் விடுவது இதைப்போல நூறு மடங்குக்கு மேல் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) மழை பெய்து பாறையைக் கரைத்து இந்த வாயுவை உறிஞ்சும் வேலை, பனி மூடிய பூமியில் அநேகமாக நின்றுபோயிருக்கும். வந்தது வந்தபடி சேரும். துருவ இருட்டில் உறையும் பங்கை விட்டுவிட்டால், செவ்வாயின் இன்றைய 6 மில்லிபார் அளவை எட்ட ஒரு லட்சம் ஆண்டு போதும். நிலவியல் கணக்கில் இது ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு நடக்கக்கூடியது முன்பே நடந்தேறிய விஷயம். சுமார் 72 கோடி முதல் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த காலத்தில் பூமி இரண்டு தடவை ஏறக்குறைய முழுக்கப் பனியால் மூடிக்கிடந்தது. அதிலிருந்து எப்படி மீண்டது என்பதற்கு 1992-இல் அமெரிக்க நிலவியலாளர் ஜோசப் கிர்ஷ்விங்க் சொன்ன விளக்கம், எரிமலைகள் கோடி ஆண்டு அளவில் மெல்ல மெல்லச் சேர்த்துவைத்த கார்பன் டை ஆக்சைடு என்பதுதான். நம் மொட்டைப் பூமிக்கும் அதே வழி திறந்திருக்கிறது. ஆனால் அப்போது பூமியிடம் நைட்ரஜன் இருந்தது, இப்போது இல்லை. அதனால் பனி உருக இன்னும் அதிகக் காலம் பிடிக்கும். உருகிய பிறகும் பிரச்சினை தீராது.

நைட்ரஜன் காற்றில் 78 சதவீதம். சுவாசத்துக்கு உதவாது, எரியாது, சும்மா கிடக்கிற வாயு என்றுதான் பள்ளியில் படித்தோம். அது செய்கிற வேலை உயரத்தில் இருக்கிறது. இன்று மேலே ஏறும் நீராவி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கடுங்குளிரில் உறைந்து கீழே திரும்பிவிடுகிறது. ஆவியோடு கலந்து பெரும்பங்காக நிற்கும், தான் உறையாத நைட்ரஜன் போன்ற வாயு இருந்தால்தான் இந்தப் பொறி சரியாக வேலை செய்யும். 2014-இல் ராபின் வேர்ட்ஸ்வொர்த், ரேமண்ட் பியர்ஹம்பெர்ட் என்ற இரண்டு கோள் ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி, அத்தகைய வாயு போதுமான அளவு இல்லாமல், கடல் மட்டும் உள்ள கோளில் நீராவி தடையின்றி உச்சிக்கு ஏறும். அங்கே புற ஊதாக் கதிர் அதை உடைக்கும். லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்கு ஓடிவிடும். கனமான ஆக்சிஜன் பின்தங்கிச் சேரும். ஒரு செடிகூட இல்லாமலே ஆக்சிஜன் நிறைந்த வளிமண்டலம் உருவாகிவிடலாம்.

அந்த ஆக்சிஜனுக்கு விலையாகக் கொடுப்பது கடலை. இன்று பூமியிலிருந்து தப்பி ஓடும் ஹைட்ரஜன் நொடிக்குச் சுமார் 3 கிலோ. இதே வேகத்தில் பூமியின் ஆயுளான 450 கோடி ஆண்டும் கசிந்திருந்தால்கூட, கடலில் பத்து மீட்டர் அளவு தண்ணீர்தான் குறைந்திருக்கும். நைட்ரஜன் இல்லாத பூமியில் அந்தக் கசிவு எத்தனை மடங்கு ஆகும் என்பது, பனி உருகிய கடல் எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாறைகள் துருப்பிடித்து ஆக்சிஜனை விழுங்கும் வேகம் ஒருபக்கம், கடல் ஆவியாகி ஆக்சிஜனை விட்டுச்செல்லும் வேகம் மறுபக்கம். இதில் எது முந்துகிறதோ அதை வைத்துத்தான் பனி உருகிய பிறகு வரும் அந்த வளிமண்டலத்தில் என்ன இருக்கும் என்பது முடிவாகும்.